ஸ்டக் ஆகி வந்த பிள்ளைகள்

மூணாவது மாடி அகிலாண்டம்மா வீட்டு ரௌட்டருக்குப் பதிமூணு வயசு. மனுஷனா இருந்தா எட்டாவது படிச்சுக்கிட்டு இருக்கும், ஆனா ரௌட்டர் கணக்குல அது கொள்ளுத்தாத்தா. ரெண்டு கொம்புல ஒரு கொம்பு ஒடிஞ்சு, அதுக்கு வெள்ளை பிளாஸ்திரி சுத்தி, ஃப்ரிட்ஜ் மண்டையில ஸ்டெபிலைசருக்குப் பக்கத்துல உக்கார வச்சு, தூசி படக்கூடாதுன்னு மேல ஒரு குரோஷா துணி போர்த்தி, காய்ச்சல்ல படுத்தவங்க மாதிரி கிடக்கும். அது என்ன பண்ணுச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி நான் யாருன்னு சொல்லிடறேன். என் பேர் வைத்திலிங்கம், மின்சார வாரியத்துல முப்பத்தி நாலு வருஷம் குப்பை கொட்டினவன், திருவானைக்காவல்ல பொன்னி எங்கிளேவ்ங்கற இந்த இருபத்தி நாலு வீட்டு அபார்ட்மெண்ட்டுக்கு ஒன்பது வருஷமா செயலாளர். செயலாளர்னா பெரிய பதவின்னு நினைச்சுடாதீங்க, யார் வீட்டுத் தண்ணி யார் வீட்டு பால்கனியில சொட்டுதுன்னு பார்க்கற வேலை. எல்லாரும் வேண்டாம்னு சொன்னதால எனக்கு வந்துச்சு.

இருபத்தி நாலு வீட்ல பதினேழு வீட்டுப் பிள்ளைங்க வெளிநாட்டுல. அதனால எங்க அபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் சர்க்கரை, எல்லாருக்கும் முட்டிவலி, எல்லார் போன்லயும் ரெண்டு மூணு ஊரு மணி. சாயங்காலம் ஆறு மணி ஆனா ஒவ்வொரு வீட்டுலயும் டிவி அலறும், பார்க்கறதுக்கு இல்ல, வீட்டுக்குள்ள யாரோ பேசிக்கிட்டிருக்கற சத்தம் வேணும்ங்கறதுக்காக. என் சம்சாரம் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு, என் வீட்டு டிவியும் அலறும். எனக்குத் தனியா இருக்கறது பிடிக்காது. இதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கம் ஒண்ணும் இல்லை.

தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அகிலாண்டம்மா வீட்டுப் பூந்தொட்டித் தண்ணி கீழ்வீட்டுத் துணியில சொட்டுதுன்னு புகார் வந்து, நானும் ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரலாம்னு மாடியேறிப் போனேன். கதவு திறந்தே இருந்துச்சு. ஹால் சோபாவுல அவங்க பையன் ஜம்புகேஸ்வரன் உக்காந்திருந்தான். ஸ்வீடன்ல, கோத்தன்பர்க்னு ஒரு ஊர்ல, ஏழு வருஷமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், நீல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, வாய் பாதி திறந்து, இடது கண்ணு பாதி மூடி, தும்மல் வர்றதுக்கு முந்தின நிமிஷம் மாதிரி அப்படியே இருந்தான். இடுப்பு வரைக்கும்தான் இருந்தான். அதுக்குக் கீழ சோபா மெத்தைதான் இருந்துச்சு.

"தம்பி எப்ப வந்தாப்ல?"ன்னு கேட்டேன்.

"வரல சார், ஸ்டக் ஆயிருக்கான்"னு அகிலாண்டம்மா அடுப்படியிலேர்ந்து சொன்னாங்க. "போன்ல முகத்தைப் பார்த்துப் பேசிக்கிட்டே இருந்தோம், சாப்பிட்டியாம்மான்னு கேட்டான், வட்டம் சுத்த ஆரம்பிச்சுடுச்சு. நிமிர்ந்து பார்த்தா இங்க உக்காந்திருக்கான். போன்ல எவ்வளவு தெரிஞ்சுச்சோ அவ்வளவு வந்திருக்கான். உக்காருங்க, காபி போடறேன்."

நான் உக்காந்தேன். மயங்கி விழலையா, ஊரைக் கூட்டலையான்னு கேக்காதீங்க. பெத்த பிள்ளை ஏழு வருஷமா வீட்டு வாசப்படி மிதிக்காததை எல்லாரும் சாதாரணமா எடுத்துக்கிட்டாங்க, பாதிப் பிள்ளை ஒரு நிமிஷத்துல வந்து உக்காந்தா மட்டும் நான் ஆச்சரியப்படணுமா? காபி குடிச்சேன். தண்ணி சொட்டற விஷயத்தையும் கண்டிப்பா சொன்னேன், கடமை கடமைதான். அகிலாண்டம்மா அவன் பக்கத்துல உக்காந்து, தோள்ல கை வச்சு, சூடா இருக்கு சார், மூச்சு வருது பாருங்கன்னு சொன்னாங்க. நானும் தொட்டுப் பார்த்தேன், ஸ்வெட்டர்ல பனியோட சில்லிப்பு இருந்துச்சு, உள்ள உடம்பு சூடா இருந்துச்சு. ஒரு மணி நேரம் போல ஆனதும் ரௌட்டர்ல சிவப்பு விளக்கு போய்ப் பச்சை வந்துச்சு, சோபா காலியாச்சு, போன்ல அவன் குரல் கேட்டுச்சு. "அம்மா, கேக்குதா? கட் ஆயிடுச்சு போல. சரிம்மா, வேலை இருக்கு, வச்சுடறேன்." அவனுக்கு அந்த ஒரு மணி நேரம் நடுவுல போனதே தெரியலை. போனைப் பார்த்துக்கிட்டே ஒரு மணி நேரம் காணாமப் போறது இந்தக் காலத்துல யாருக்குப் புதுசு?

அடுத்த ஞாயிறும் வந்தான், அதுக்கடுத்த ஞாயிறும் வந்தான். அகிலாண்டம்மா விவரமான பொம்பளை, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபோர்மேனா இருந்தவரோட குடும்பம் நடத்தினவங்க, ஒரு மிஷின் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தே புரிஞ்சுக்குவாங்க. "ஏண்டா, மூஞ்சியை மட்டும் காட்டறியே, போனைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பேசேன், உன்னை முழுசாப் பார்க்கணும்"னு சொன்னாங்க. அவன் போனை அலமாரியில சாத்தி வச்சுட்டுப் பேசினான், அன்னைக்குக் காலும் சாக்ஸுமா முழுப் பிள்ளையா வந்தான். ஒரு சாக்ஸ்ல கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அகிலாண்டம்மா ஊசி நூல் எடுத்து, சாக்ஸைக் கழட்டாமலே தைச்சு முடிச்சுட்டாங்க.

விஷயம் வெளிய வர எத்தனை நாள் ஆகும், லிஃப்ட் இருக்கற கட்டடத்துல? முதல்ல வந்தவங்க ரெண்டாவது மாடி ஸ்டெல்லா டீச்சர், பையன் பெனடிக்ட் அயர்லாந்துல. அடுத்து எதிர்வீட்டு ரஹீமாக்கா, பொண்ணு நஸ்ரின் தோஹாவுல. இவங்க வீட்ல எல்லாம் புதுசா கண்ணாடி நார் கேபிள் போட்டு, மின்னல் மாதிரி வேகம், வேகம்னா பிள்ளைங்க மின்னல் மாதிரியே வந்து மின்னல் மாதிரியே போயிடும், எங்கேர்ந்து ஸ்டக் ஆறது? அதனால அவங்கவங்க போனைத் தூக்கிக்கிட்டு அகிலாண்டம்மா வீட்டுக்கு வந்து, அந்தக் கிழட்டு வைஃபையைப் போட்டு, பிள்ளைக்குப் போன் பண்ணி, வட்டம் சுத்தற வரைக்கும் சாமி கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. வட்டம் சுத்த ஆரம்பிச்சா பிள்ளை பிரம்பு நாற்காலியில வந்து உக்காந்திருக்கும். தாய்மாருக்கு அப்புறம் வேலைக்குக் குறைச்சல் இல்லை. ஸ்டெல்லா டீச்சர் பெனடிக்ட்டுக்குத் தலை வாரி வகிடு எடுத்தாங்க, அவன் காதுல போட்டிருந்த கடுக்கனைக் கழட்டிப் பர்ஸுக்குள்ள போட்டுக்கிட்டாங்க, அவன் அயர்லாந்துல ஒரு வாரம் அதைத் தேடினான். ரஹீமாக்கா நஸ்ரினுக்கு எண்ணெய் தேய்ச்சு ரெட்டைச் சடை போட்டு விட்டாங்க. மறுநாள் அந்தப் பொண்ணு போன் பண்ணி, "அம்மா, என் தலையில எண்ணெய் எப்படி வந்துச்சுன்னே தெரியலம்மா, ஆபீஸ்ல எல்லாரும் என்னையே பார்த்தாங்க"ன்னு சொல்லுச்சு. ரஹீமாக்கா, "நல்லாத்தானே இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்களாம். அது, "நல்லா தூங்கினேன்"னு சொல்லுச்சாம்.

அப்பதான் இங்க தொட்டா அங்க போய்ச் சேருதுன்னு எங்களுக்கு விளங்குச்சு. அகிலாண்டம்மா அதுலேர்ந்து ஜம்பு வந்தா முதல் வேலையா நெத்தியில திருநீறு பூசி விடுவாங்க. அப்படின்னா இங்க உக்காந்திருக்கற நேரம் அங்க அவங்க என்ன ஆறாங்கன்னு யாராவது ஒருத்தர் கேட்டிருக்கணும் இல்லையா? நாங்க கேக்கலை. இருபத்தி நாலு வீட்ல படிச்சவங்க இத்தனை பேர் இருந்தும் ஒருத்தரும் கேக்கலை, கேட்டா பதில் தெரிஞ்சுடுமேன்னு கேக்கலை.

வாட்ச்மேன் வந்து, இப்படி வந்து உக்காரறவங்க பேரை விசிட்டர் நோட்டுல எழுதணுமா சார்னு கேட்டார். கேட் வழியா வந்தாத்தான் விசிட்டர், இவங்க ஃப்ரிட்ஜ் வழியா வர்றவங்க, எழுத வேண்டாம்னு சொன்னேன். அப்புறம் கூட்டம் போட்டோம், அபார்ட்மெண்ட்னு இருந்தா எதுக்கும் ஒரு கூட்டம் போட்டாத்தான் நடந்ததா அர்த்தம். ஞாயிறு யாரு, செவ்வாய் யாருன்னு முறை போட்டு லிஃப்ட் பக்கத்துல நானே கைப்பட எழுதி ஒட்டினேன். அகிலாண்டம்மா வீட்டு ஃப்ரிட்ஜை நகர்த்தக்கூடாது, குரோஷா துணியை எடுக்கக்கூடாது, ரௌட்டரை எக்காரணம் கொண்டும் மாத்தக்கூடாதுன்னு தீர்மானம் நிறைவேத்தினோம். கை தூக்காதவங்க ஒருத்தரும் இல்லை.

உனக்கென்னய்யா அதுல இவ்வளவு அக்கறைன்னு கேப்பீங்க. என் பையன் குமரகுரு மெட்ராஸ்ல, வேளச்சேரியில இருக்கான். அஞ்சரை மணி நேர ரயில். வெளிநாட்டுல இருக்கறவனுக்காவது தூரம்னு ஒரு சாக்கு இருக்கு. நானும் ஒரு நாள் அகிலாண்டம்மா வீட்டு வைஃபையில அவனைக் கூப்பிட்டேன், வட்டம் சுத்தறதுக்குள்ள "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, எதுனா அர்ஜெண்ட்டா?"ன்னு கேட்டான், இல்லன்னேன், வச்சுட்டான். ஸ்டக் ஆறதுக்குக்கூட ரெண்டு நிமிஷம் பேசணும். அதுக்கப்புறம் நான் முயற்சி பண்ணலை, ஆனா ஜம்பு வர்ற நாள் எல்லாம் நான் அங்க போய் உக்காந்துடுவேன். எனக்கு அவன் பிள்ளையா குட்டியா? ஆனாலும் ஒரு ஆம்பளைப் பிள்ளை பக்கத்துல உக்காந்து, நான் பேசறதை நடுவுல வெட்டாம ஒரு மணி நேரம் கேட்டது என் வாழ்நாள்லயே அங்கதான். டிரான்ஸ்பார்மர் வெடிச்ச கதை, என் சம்சாரம் ஆஸ்பத்திரியில கடைசியா கேட்ட எலுமிச்சம்பழச் சாறு, எல்லாம் அவன்கிட்டதான் சொன்னேன்.

ஜம்புவுக்கு நெட்டு சரியில்லைன்னு மட்டும்தான் தெரியும், அதனால அவனுக்கு எரிச்சல். "அம்மா, அந்தக் குப்பையைத் தூக்கிப் போடும்மா, அதால இந்தக் காலத்து வேகத்தைத் தாங்க முடியாது. நான் புதுசு அனுப்பறேன்"னு சொன்னான். அனுப்பவும் செஞ்சான். நாலு கொம்பு வச்சு, கருப்பா, மினுமினுன்னு ஒரு பெட்டியில வந்து இறங்குச்சு. அகிலாண்டம்மா அந்தப் பெட்டியைப் பிரிக்காம கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அவன் கேப்பான், மாத்தினியாம்மா? கேபிள்காரர் வரலப்பா. அடுத்த தடவையும் கேப்பான். அவருக்கு மஞ்சள் காமாலையாம்ப்பா. நல்லா இருக்கற மனுஷனுக்கு இந்தம்மா எட்டு மாசத்துல மூணு நோய் வர வச்சாங்க.

ஐப்பசியில அவங்களுக்கு ஆசை கூடிப்போச்சு. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் போதலை. "வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கற நேரத்துல ஒரு தடவை கூப்பிடுடா, விளக்கேத்திட்டு உன் முகத்தைப் பார்த்தா மனசுக்கு நிறைவா இருக்கும்"னு கேட்டாங்க. நம்ம சாயங்காலம் ஆறரைன்னா அவனுக்கு மத்தியானம் ரெண்டு. அவன் யோசிச்சான். "வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு நீச்சல் கிளாஸ்மா, நான்தான் கூட்டிட்டு வரப் போவேன். சரி, கார்ல வெயிட் பண்ற நேரத்துல கூப்பிடறேன்"னு ஒத்துக்கிட்டான். பாப்பான்னா மிருதுளா, ஆறு வயசு, ஒரே பேத்தி. அதுலேர்ந்து வெள்ளிக்கிழமையும் வந்தான், சீட் பெல்ட்டு நெஞ்சுக்குக் குறுக்க, காருக்குள்ள உக்காந்த வாக்குல இடுப்பு வரைக்கும்.

மூணாவது வெள்ளிக்கிழமை. விளக்கு எரியுது, ஜம்பு சோபாவுல இருக்கான், நெத்தியில திருநீறு. நான் எதிர்த்தாப்ல உக்காந்து மின்வெட்டுக் காலத்துக் கதை ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தேன். அப்ப எங்கேயோ கண்ணாடியைத் தட்டற மாதிரி டொக் டொக்னு சத்தம். நான் எழுந்து பால்கனிக் கதவைப் பார்த்தேன், ஒண்ணும் இல்லை. "காக்காயா இருக்கும் சார், கண்ணாடியில தன் நிழலைப் பார்த்துட்டுக் கொத்தும்"னு அகிலாண்டம்மா சொன்னாங்க. விளக்கு வச்ச அப்புறம் ஏது காக்கான்னு எனக்குத் தோணத்தான் செஞ்சுது, ஆனா கதை நல்ல கட்டத்துல இருந்ததால விட்டுட்டேன். கால் மணி நேரம் போலத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. முதல்ல வேகமா, அப்புறம் மெதுவா, அப்புறம் ஒண்ணு ரெண்டு. அப்புறம் நின்னுபோச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை ஜம்பு கூப்பிடலை. திங்கள், செவ்வாய் கூப்பிடலை. புதன்கிழமை காலையில மருமக ஹேமலதாகிட்டேர்ந்து வந்துச்சு, நெட்டுல இல்ல, சாதாரண போன். அகிலாண்டம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர் போட்டுத்தான் பேசுவாங்க, நான் தண்ணி லாரி வர்ற நேரத்தைச் சொல்லப் போயிருந்தேன், அதனால எல்லாத்தையும் கேட்டேன்.

"அத்தை, உங்க குடும்பத்துல யாருக்காவது வலிப்பு, நினைவு தப்பறதுன்னு ஏதாவது இருந்திருக்கா? டாக்டர் கேக்கறாங்க."

"என்னம்மா ஆச்சு?"

"இவருக்குத்தான் அத்தை. போனைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே சிலை மாதிரி உக்காந்துடறாரு. ஞாயித்துக்கிழமையில பார்த்திருக்கேன், சும்மா போன் பார்க்கறாருன்னு நானும் விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை கார்ல அப்படி ஆயிடுச்சு. பாப்பா நீச்சல் முடிச்சு ஈரத்தலையோட வெளிய வந்திருக்கா, பனி கொட்டுது, இவர் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்காரு. அவ கண்ணாடியைத் தட்டியிருக்கா அத்தை. அப்பா அப்பான்னு தட்டிக்கிட்டே இருந்திருக்கா, இவர் திரும்பியே பார்க்கலையாம். யாரோ ஒரு அம்மா பார்த்துட்டுத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அவளுக்குக் காய்ச்சல் இன்னைக்குத்தான் இறங்கியிருக்கு. இவரை ஆஸ்பத்திரியில வச்சு எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டாங்க, ஒண்ணும் பிடிபடலை. லைசென்ஸை வாங்கி வச்சுக்கிட்டாங்க. குழந்தையோட தனியா இருக்கக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அவர் பேசாம சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்குப் பயமா இருக்கு அத்தை."

அகிலாண்டம்மா சோபாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. உக்காரலை. "டாக்டர்கிட்ட சொல்லும்மா, எங்க குடும்பத்துல யாருக்கும் கிடையாது. அவனுக்கும் இனிமே வராது"ன்னாங்க.

"எப்படி அத்தை சொல்றீங்க?"

"நான் சொல்றேன்ல. வராது. நீ அழாத, பாப்பாவுக்கு இளஞ்சூட்டுல கஞ்சி குடு."

போனை வச்சதும் அவங்க குரல் மாறிப்போச்சு. "சார், அந்தக் குழந்தை தட்டினது என் வீட்ல கேட்டுச்சு. காக்கான்னு சொன்னேன். என் வாயால காக்கான்னு சொன்னேன்." சொல்லிட்டு அழுதாங்க. நானும் அழுதேன், கதை சொல்லிக்கிட்டு இருந்தவன் நான்தானே. அழுது முடிச்சதும் கேபிள்காரர் தனபாலுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து புது ரௌட்டரை மாட்டணும்னு சொன்னாங்க.

வெள்ளிக்கிழமை கூட்டம் கூடிடுச்சு. எல்லாருக்கும் விஷயம் தெரியும், எல்லாரும் உச் கொட்டினாங்க, அப்புறம் ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க. ஸ்டெல்லா டீச்சர், "எங்க பெனடிக்ட் கார்ல இருந்து பேசவே மாட்டான்மா, வீட்லேர்ந்துதான் பேசுவான், அவனுக்குக் குழந்தையும் இல்லை"ன்னாங்க. ரஹீமாக்கா முக்காட்டு நுனியைச் சுருட்டிக்கிட்டே இருந்தாங்க. அதைவிடக் கேவலம், நானும் எந்திரிச்சு, தீர்மானம் போட்டிருக்கே, அதை ரத்து பண்ணப் பதினஞ்சு நாள் நோட்டீஸ் கொடுக்கணுமேன்னு சட்டம் பேசினேன். என்னை அடிச்சாலும் தகும். பதினஞ்சு நாள்ல ரெண்டு ஞாயித்துக்கிழமை வருமேன்னு மனசு கணக்குப் போட்டுச்சு.

அகிலாண்டம்மா என்னைத் திட்டலை. ரஹீமாக்காவைத்தான் பார்த்தாங்க. "அக்கா, நஸ்ரினுக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டீங்களே, அந்த நேரம் அங்க அவ அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சா, இல்லையா, நமக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. ரஹீமாக்கா, "மாத்திடுங்கம்மா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. ஸ்டெல்லா டீச்சர், அப்படின்னா பழசை எனக்குக் குடுத்துடுங்கன்னு கேட்டாங்க. "தர மாட்டேன் டீச்சர். கோவிச்சுக்கங்க, பரவாயில்லை"ன்னாங்க அகிலாண்டம்மா. டீச்சர் கோவிச்சுக்கத்தான் செஞ்சாங்க.

சனிக்கிழமை மூணரைக்கே நான் போயிட்டேன். புதுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேர்ந்து இழுத்துத் தூசி தட்டி வச்சிருந்தாங்க. தனபால் வர அரை மணி நேரம் இருக்கறப்ப போன் அடிச்சுது. ஜம்பு. அவன் முகத்தைப் பார்த்து எட்டு நாள் ஆச்சு, எடுக்காதீங்கன்னு நான் கையைக் காட்டறதுக்குள்ள எந்தத் தாய் எடுக்காம இருப்பா? "அம்மா, எனக்கு என்னமோ..."ன்னு ஆரம்பிச்சான், வட்டம் சுத்திடுச்சு. சோபாவுல வந்து உக்காந்துட்டான். அன்னைக்குன்னு பார்த்து முழுசா வந்தான், வீட்டுச் செருப்போட, தாடி வளர்ந்து, கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்து, என்னமோன்னு சொன்ன வாய் மூடாம. தனபால் வர்ற வரைக்கும் முழுசா அரை மணி நேரம் அவங்க கையில இருந்துச்சு. ஹேமலதா பக்கத்துலதான் இருப்பா, குழந்தை பத்திரமா இருக்கும், ஒரே ஒரு தடவைன்னு எனக்கே தோணுச்சு, நான் சொல்லவும் சொல்லிட்டேன்.

அவங்க காதுலயே வாங்கலை. அவன் முன்னாடி போய் நின்னாங்க, தலைமுடியில ஒரு தடவை கையை விட்டுக் கோதினாங்க, முந்தானையால அவன் முகத்தைத் துடைச்சாங்க. அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் ஃப்ரிட்ஜ் பக்கத்துல போய், குரோஷா துணியை எடுத்து மடிச்சு வச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு பிளக்கைப் பிடுங்கினாங்க. திரும்பிப் பார்க்கறப்ப சோபா மெத்தையில பள்ளம் மட்டும் இருந்துச்சு, அதுவும் மெதுவா மேல எழும்பிடுச்சு.

தனபால் வந்தார். பழசைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் ஓட்டுனீங்க?"ன்னு சிரிச்சார். ரௌட்டரை ஃப்ரிட்ஜ் மேல வைக்கக்கூடாது, துணி போட்டு மூடக்கூடாது, வீட்டுக்கு நடுவுல உயரமான இடத்துல காத்தாட இருக்கணும்னு பாடம் எடுத்தார். ஹால் நடுச் சுவத்துல ஆணி அடிச்சு நாலு கொம்பனை மாட்டினார், பாஸ்வேர்டு போட்டார், வேகத்தை அளந்து காட்டினார், முன்னாடி இருந்ததைவிட நாப்பது மடங்கும்மான்னார். அகிலாண்டம்மா தலையாட்டினாங்க. பழசை அவரே பைக்குள்ள போட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

அதுக்கப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் வரலை. லிஃப்ட் பக்கத்துல ஒட்டின முறைப் பட்டியலை நானே கிழிச்சேன். ஸ்டெல்லா டீச்சர் படியில பார்த்தாக்கூட முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. ஊர்ல நல்லது பண்ணினவங்களுக்கு எப்பவும் இதுதான் மரியாதை. ஜம்புவுக்கு அதுக்கப்புறம் அந்த மாதிரி வரவே இல்லை, டாக்டருங்க தங்களோட மாத்திரையாலன்னு நினைச்சுக்கிட்டாங்க, மார்கழி கடைசியில குழந்தையோட தனியா இருக்கலாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அவன் வாரா வாரம் கூப்பிட்டான். படம் கண்ணாடி மாதிரி வந்துச்சு, பேச்சு உடனுக்குடன் வந்துச்சு, அதனால மூணு நிமிஷத்துல முடிஞ்சும் போச்சு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டியா, போட்டேன், சரிம்மா வச்சுடறேன். பத்து மாசமா ஸ்டக் ஆன பிள்ளைகிட்டப் பதில் எதிர்பார்க்காம பேசிப் பேசி, பதில் சொல்ற பிள்ளைகிட்ட என்ன பேசறதுன்னு அகிலாண்டம்மாவுக்கு மறந்துபோயிருந்துச்சு. போன் வச்ச அப்புறமும் அவங்க அந்தக் கருப்புத் திரையையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நான் காபி டம்ளரைக் கழுவி வச்சுட்டுக் கிளம்புவேன்.

பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கிழமை அவன் கூப்பிட்டப்ப அகிலாண்டம்மா போனை டீப்பாயில சாத்தி வச்சிருந்தாங்க, நான் அதுல தெரியாம, ஆனா திரை எனக்குத் தெரியற மாதிரி பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தேன். சாப்பிட்டியாம்மான்னு கேட்டான். அகிலாண்டம்மா பதில் சொல்லலை. மடியில கை வச்சு, முதுகை நிமித்தி, வாய் லேசாத் திறந்த வாக்குல அப்படியே இருந்தாங்க. நான் ஏதோ ஆயிப்போச்சுன்னு எழுந்திரிக்கப் போனேன், மடியில இருந்த கையில ஒரு விரல் மட்டும் அசைஞ்சு என்னை உக்காருன்னு சொல்லுச்சு. சுவத்துல இருந்த நாலு கொம்பனைப் பார்த்தேன். பச்சை விளக்கு ஆடாம அசையாம எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"அம்மா? அம்மா, கேக்குதா?"ன்னு கேட்டான் ஜம்பு. "போச்சுடா, புது ரௌட்டர்லயும் ஸ்டக் ஆவுது. மிரு, இங்க வா, அப்பாயி ஸ்டக் ஆயிட்டாங்க பாரு."

வைக்கப் போறான்னு நினைச்சேன். வைக்கலை. வேலை இருக்குன்னும் சொல்லலை. போனை எதுலயோ சாத்தி வச்சுட்டு, கையைக் கன்னத்துல ஊனிக்கிட்டு, அம்மா முகத்தைப் பார்த்தான். பதில் பேசற அம்மாவை அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை. காதோரம் நரை, கழுத்துச் சுருக்கம், மூக்குத்தி, ஒவ்வொண்ணா பார்த்தான். குழந்தை அவன் மடியில ஏறி உக்காந்து அதுவும் பார்த்துச்சு. ஒரு நிமிஷம் ஆச்சு, ரெண்டு நிமிஷம் ஆச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. எங்க வீட்டுத் தெருவுல பால்காரர் மணி அடிச்சுக்கிட்டே போறது அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். அகிலாண்டம்மா இமைக்காம இருந்தாங்க, இமைக்காம இருந்து இருந்து கண்ணு நிறைஞ்சு, கன்னத்துல ஒரு சொட்டு இறங்குச்சு. துடைக்கலை.

"அப்பா, அப்பாயி கண்ணுலேர்ந்து தண்ணி ஓடுது"ன்னு குழந்தை சொல்லுச்சு.

ஜம்பு திரைக்குக் கிட்ட குனிஞ்சு அந்தச் சொட்டு இறங்கறதைப் பார்த்தான். அப்புறம் குழந்தை தலையைத் தடவிக்கிட்டே, "ஸ்டக் ஆனா அப்படித்தான்டா தெரியும்"னு சொல்லிட்டு, போனை வைக்காம அங்கேயே உக்காந்திருந்தான்.